மாற்றுக் கல்: ஓனிக்ஸும் காவிரிப் படுகையின் சமயச் சிந்தனையும்

கல்லின் இயல்பு

ஓனிக்ஸ் சிலிக்கா இனத்தைச் சேர்ந்த அடுக்குக் கல். ஆற்று மணலும் படிகமும் எந்தச் சிலிக்கன் டை ஆக்சைடால் ஆனவையோ, அதுவே இதற்கும் உடல். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகளாகப் படிகம் நெருங்கி உறைந்தால் அந்தக் கல்லுக்குச் சால்சிடனி என்று பெயர். அதில் நிற அடுக்குகள் வளைந்து வளைந்து ஓடினால் அகேட். ஒன்றன்மேல் ஒன்றாக நேராகப் படிந்திருந்தால் ஓனிக்ஸ். கருப்பும் வெள்ளையும் மாறி வருவது ஓனிக்ஸின் மரபான தோற்றம். கருப்புக்குப் பதில் செம்பழுப்பு அடுக்கு வந்தால் சார்டோனிக்ஸ். மோஸ் அளவுகோலில் இதன் கடினம் 6.5 முதல் 7 வரை. கத்தி முனை கீறாத இந்த உறுதியும், கண்ணாடிபோல் மெருகேறும் தன்மையும், ஒரு நிறத்தைச் செதுக்கினால் அடியில் வேறொரு நிறம் தெரியும் அமைப்பும் முத்திரை மோதிரம், புடைப்புச் சிற்பம், பாசிமணி ஆகியவற்றுக்கு இதை ஏற்றதாக்கின. கிண்ணமும் விளக்குத் தண்டும் செய்யப் பயன்படும் ‘ஓனிக்ஸ் மார்பிள்’ வேறு பொருள். அது சுண்ணாம்பு இனத்துக் கால்சைட், கடினம் 3 மட்டுமே.

இன்று நகைக்கடையில் கிடைக்கும் கருப்பு ஓனிக்ஸில் பெரும்பகுதி சாயம் ஏற்றியது. சால்சிடனியின் இழைகளுக்கு நடுவே நுண்துளைகள் உண்டு. கல்லைச் சர்க்கரைக் கரைசலில் நாள்கணக்கில் ஊறவைத்துப் பிறகு கந்தக அமிலத்தில் இட்டால், துளைகளில் புகுந்த சர்க்கரை கரியாகிக் கல் நிலையாகக் கறுத்துவிடும். துளை குறைந்த அடுக்கில் கரைசல் இறங்காததால் அது வெள்ளையாகவே நிற்கும். கற்களைத் தேனில் வேகவைக்கும் வழக்கத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி குறிப்பிடுகிறார். ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் கல்லுக்குச் சாயமேற்றுவதைப் பெருந்தொழிலாக வளர்த்தனர். பச்சை ஓனிக்ஸ் என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் பச்சைச் சாயம் ஏற்றிய சால்சிடனியே. இந்தச் சாயத்தை வணிகம் குறையாக எண்ணுவதில்லை. சொல்லாமல் விற்பதையே குற்றமாகக் கொள்கிறது.

காவிரிக் கரைக்கு வந்த வழி

காவிரிப் படுகை ஆற்று வண்டலால் ஆன நெல் பூமி. திருவாரூரிலோ மன்னார்குடியிலோ மண்ணைத் தோண்டினால் களியும் மணலும்தான் வரும். கோயில் கட்டக் கருங்கல்லே வெளியிலிருந்து வரவேண்டியிருந்த நிலத்தில் மணிக்கல்லுக்குச் சுரங்கம் ஏது? விளிம்பில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லத்துச் செம்மண் மேட்டில் படிகக் கற்கள் கிடைத்தன. அவற்றை அறுத்து மூக்குக்கண்ணாடி வில்லை செய்யும் தொழில் தஞ்சாவூர்ப் பகுதியில் நடந்துவந்தது. பஞ்சாயதன பூசை செய்யும் ஸ்மார்த்தர் வீடுகளில் ஐந்து கற்கள் ஐந்து தெய்வங்களாக வழிபடப்படுகின்றன: அம்பிகைக்குச் சொர்ணமுகி ஆற்றுக் கல், விஷ்ணுவுக்குக் கண்டகி நதிச் சாளக்கிராமம், சிவனுக்கு நர்மதை பாணலிங்கம், விநாயகருக்குச் சோணை ஆற்றுச் செந்நிறக் கல், சூரியனுக்கு வல்லத்துப் படிகம். அந்தப் படிகமும் ஓனிக்ஸும் பொருளால் ஒன்றே. உறைந்த விதம்தான் வேறு.

ஓனிக்ஸின் மூலக்கல் தக்காணத்து எரிமலைப் பாறைகளின் பொந்துகளில் விளைவது. உஜ்ஜயினியிலிருந்தும் பைத்தானிலிருந்தும் அது பாரிகாசா துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறியதைக் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான ‘பெரிப்ளூஸ்’ பதிவு செய்கிறது. தெற்கேயும் அந்தக் கல் இறங்கி வந்தது. காவிரியில் கலக்கும் நொய்யலின் கரையில் உள்ள கொடுமணலில், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில் பச்சைக்கல், நீலக்கல், படிகம், சூதுபவளம், அகேட், ஓனிக்ஸ் ஆகியவற்றின் மணிகளும், வேலை முடியாத துண்டுகளும் கிடைத்தன. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிலும் இதே வகை மணிகள் உண்டு. காவிரி கடலில் கலக்குமிடத்தில் பூம்புகார் துறைமுகம் இருந்தது. பெரிப்ளூஸ் குறிக்கும் ‘கமரா’ அதுவே என்பது பெரும்பாலோர் கருத்து. அந்நகரத்து வணிகக் குடும்பத்தின் கதையைச் சொல்லும் சிலப்பதிகாரம், ஊர்காண் காதையில் நவமணிகளின் இயல்பையும், வயிரத்துக்கு ஆகாத காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் குற்றங்களையும் வரிசைப்படுத்துகிறது. ஆக, சொந்தமாகக் கல் விளையாத இந்நிலத்தில் கல்லைப் பற்றிய அறிவு பழையது. கல்லைப் பற்றிய கேள்வியும் அதே அளவு பழையது: மணிக்கல்லுக்குத் தன்னளவில் ஆற்றல் உண்டா, இல்லை அது வேறொன்றின் அடையாளம் மட்டும்தானா?

விவிலியத்திலும் இஸ்லாத்திலும்

கிறித்தவ மரபோடு பிணைந்த வேளாங்கண்ணியும் பூண்டி மாதா கோயிலும் தரங்கம்பாடியும் இந்தப் படுகையில்தான் இருக்கின்றன. ஓனிக்ஸுக்குக் கிறித்தவ வேதத்தில் உயர்ந்த இடம் உண்டு. யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தின்படி, ஆசாரியன் ஆரோன் அணியும் ஏபோத் என்னும் மேலாடையின் இரு தோள்களிலும் இரண்டு கற்கள் பதிக்கப்பட வேண்டும். ஒவ்வொன்றிலும் இஸ்ரவேல் கோத்திரங்களில் ஆறின் பெயர்கள் முத்திரைபோல வெட்டப்பட வேண்டும். அக்கல் ஓனிக்ஸ் என்பது பரவலான புரிதல். வழக்கிலுள்ள பழைய தமிழ் விவிலியம் அதைக் கோமேதகம் என்கிறது. நகைக்கடையில் ராகுவுக்கு உரியதாக விற்கும் கோமேதகமோ கார்னெட் இனத்துத் தேன்நிறக் கல். பெயர் ஒன்றானாலும் கற்கள் இரண்டு என்பதை இரு வழக்கையும் அறிந்தவர் நினைவில் வைக்க வேண்டும். ஏபோத்துக் கற்களின் பயனையும் அந்த அதிகாரமே சொல்லிவிடுகிறது: கர்த்தருடைய சந்நிதியில் மக்களின் பெயர்கள் நினைவுகூரப்பட வேண்டும் என்பதே அது. நோயைத் தீர்ப்பதோ பகையை வெல்வதோ அங்கே பேசப்படவில்லை. பெயரைச் சுமப்பது கல்லின் வேலை. நினைவுகூர்வது கடவுளின் வேலை.

நாகூரில் 16ஆம் நூற்றாண்டின் சூஃபி ஞானி ஷாகுல் ஹமீதின் தர்கா உள்ளது. அகேட், ஓனிக்ஸ் இனக் கற்களை ஹக்கீக், சுலைமானி என்ற பெயர்களில் வெள்ளி மோதிரத்தில் பதித்து அணியும் வழக்கம் முஸ்லிம்களிடையே உண்டு. நபிகளின் வெள்ளி மோதிரத்தில் அபிசீனியக் கல் இருந்ததாக ஹதீஸ் கூறுகிறது. அது ஹக்கீக் அல்லது ஓனிக்ஸ் வகைக் கல்லாக இருக்கலாம் என்பது உரையாசிரியர் விளக்கம். ஆயிஷா நாயகியார் பயணத்தில் தொலைத்த கழுத்துமாலை ஏமன் நாட்டு ஓனிக்ஸால் ஆனது என்பதும் ஹதீஸ் செய்தி. ஆயினும் கல்லின் ஆற்றலைப் பற்றிய தெளிவான இஸ்லாமியக் கூற்று வேறொரு கல்லைக் குறித்து வந்தது. கலீஃபா உமர் கஅபாவின் கருப்புக் கல்லை முத்தமிடும்போது, அது நன்மையோ தீமையோ செய்ய இயலாத வெறும் கல் என்பதை அறிந்தே முத்தமிடுவதாகவும், நபி முத்தமிட்டதைக் கண்டதே தமக்குக் காரணம் என்றும் அறிவித்தார். புனிதமான கல்லுக்கே அந்த அளவுகோல் என்றால், விரலில் அணியும் கல்லுக்கு அதைவிடப் பெரிய உரிமை இருக்க முடியாது.

நவக்கிரகமும் உபரத்தினமும்

இந்து வழக்கில் ஓனிக்ஸ் நவரத்தினங்களுள் ஒன்றல்ல. சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், குருவுக்குப் புஷ்பராகம், சுக்கிரனுக்கு வைரம், சனிக்கு நீலம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம் என்பதே சோதிட வழக்கின் பட்டியல். இந்த ஒன்பதுக்கும் விலை எட்டாதபோது அவற்றின் இடத்தில் அமர்வன உபரத்தினங்கள். பச்சை ஓனிக்ஸ் மரகதத்தின் இடத்தில் புதனுக்கும், கருப்பு ஓனிக்ஸ் சனிக்கும் சில இடங்களில் ராகு கேதுக்களுக்கும் பரிந்துரைக்கப்படுகின்றன. மாற்றாக வருவதே இக்கல்லுக்கு இங்குள்ள சமயப் பயன்.

இவ்வழக்கு பெரிதும் புழங்கும் இடம் காவிரிப் படுகை. சூரியனார்கோவில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம் என ஒன்பது கிரகத் தலங்களும் இப்பகுதியிலேயே அடங்குகின்றன. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் சனிப்பெயர்ச்சியில் திருநள்ளாற்று நளதீர்த்தம் கூட்டத்தால் நிறைகிறது. இத்தலங்களில் நடக்கும் பரிகாரத்தை உற்றுப் பார்த்தால் மணிக்கல் அங்கே ஒரு மூலையில்தான் இருப்பது தெரியும். சன்னதியில் படைப்பது எள்ளும் நல்லெண்ணெயும் கருப்புத் துணியும். ஆலங்குடியில் கொண்டைக்கடலை மாலை. திருவெண்காட்டில் பச்சைப் பயறு. ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு மணி, ஒரு தானியம், ஒரு நிறம், ஒரு மலர், ஓர் உலோகம் எனத் தொடர் வரிசை உண்டு. சந்திரனுக்கு முத்தும் நெல்லும் உரியவை. சனிக்கு நீலமும் எள்ளும். கருப்பு ஓனிக்ஸைச் சனியோடு சேர்த்தது எள்ளையும் சனியோடு சேர்த்த அதே நிறம்தான்.

கோயிலில் மணி

மணிகளைக் கோயில் எப்படி நடத்தியது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளே சிறந்த சான்று. 1010இல் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலுக்கு முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த நகைகளின் விவரம் சுவரில் வரி வரியாக வெட்டப்பட்டுள்ளது. பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லாலும், மணிகளைத் ‘தக்ஷிணமேருவிடங்கன்’ என்னும் எடைக்கல்லாலும் நிறுத்துக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றிக் கணக்கில் எழுதினர். வயிரங்களில் பொரிவும் முறிவும் உள்ளவை, சிவப்புப் புள்ளியும் கரும்புள்ளியும் உள்ளவை, வெந்த தழும்பு உள்ளவை என்று குற்றங்களும் குறிக்கப்பட்டன. மாணிக்கம், முத்து எல்லாவற்றுக்கும் இதே கறாரான கணக்கு.

இரத்தின நூல்கள் குற்றமுள்ள மணி உடையவனுக்குக் கேடு தரும் என்று அச்சுறுத்துகின்றன. இராசராசனின் கணக்கர்கள் அதே குற்றங்களை அறிந்து, அந்த மணிகளையும் சேர்த்தே இறைவனுக்குச் சாத்தினார்கள். குற்றத்தை எழுதியது களவும் மாற்றமும் நேராதபடி சொத்தைக் காக்கவே. கோயிலைப் பொறுத்தவரை மணி என்பது காணிக்கை. அதன் மதிப்பு கணக்கில் ஏறும், அதன் ‘பலன்’ ஏறுவதில்லை.

வேறு இரு வழக்குகளும் உண்டு. ஆகம விதிப்படி மூர்த்தியைப் பிரதிட்டை செய்யும்போது பீடத்தின் அடியில் மணிகளை இடுவது இரத்தினநியாசம். அணிவாரும் காண்பாரும் இல்லாத இடத்தில் அம்மணிகள் நிரந்தரமாகப் புதைகின்றன. மற்றது திருவாரூரை முதலாகக் கொண்ட சப்தவிடங்கத் தலங்கள். திருநள்ளாறு, நாகைக்காரோணம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு ஆகியவை மற்ற ஆறு. முசுகுந்தச் சோழன் இந்திரனிடமிருந்து பெற்று வந்தவை என்று தலபுராணம் சொல்லும் இந்தச் சிறு விடங்க லிங்கங்களை மரகத லிங்கம் என்று வழங்குவர். பேழையில் வைத்துக் காத்து அபிடேகம் செய்வர். மரகதம் இங்கே அணிகலன் என்ற நிலையைக் கடந்து மூர்த்தியாகவே ஆகிறது.

மணியின் சக்தி பற்றிய தர்க்கம்

கல்லுக்கு இயல்பிலேயே ஆற்றல் உண்டு என்ற கட்சியும் வலுவானதே. மணி, மந்திரம், மருந்து மூன்றின் ஆற்றலும் சிந்தனைக்கு எட்டாதது என்பது பழைய நம்பிக்கை. 6ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் ‘பிருகத் சம்ஹிதை’யில் நல்ல மணி அரசனுக்கு நன்மையும் கெட்ட மணி தீமையும் தரும் என்று தொடங்குகிறார். மணிகள் பலாசுரனின் உடலில் பிறந்தவை என்போர், ததீசி முனிவரின் எலும்பில் பிறந்தவை என்போர், மண்ணின் இயல்பால் கற்கள் பலவாகின்றன என்போர் ஆகிய மூன்று தரப்பையும் அவரே அருகருகே வைக்கிறார்.

தத்துவ நூல்களில் இந்தக் கேள்வி ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டாக வளர்ந்தது. நெருப்பின் அருகே ஒரு குறிப்பிட்ட மணியை வைத்தால் நெருப்புச் சுடாது. மணியை எடுத்தால் மறுபடி சுடும் என்று கொள்வர். நெருப்பின் உருவம் மாறாமல் சுடுதல் மட்டும் மறைவதால், கண்ணுக்குத் தெரியாத ‘சக்தி’ என்ற தனிப் பொருள் நெருப்பில் உண்டு என்று மீமாம்சகர் வாதிட்டனர். தடையின்மையும் சுடுவதற்கு ஒரு காரணம், மணி தடையாக நிற்கிறது, அவ்வளவுதான்; சக்தி என்ற புதிய பொருளைக் கற்பிக்கத் தேவையில்லை என்று நியாய நூலார் மறுத்தனர். மராட்டிய மன்னர் ஷாஜி 1693இல் 46 பண்டிதர்களைக் குடியமர்த்திய திருவிசநல்லூர் போன்ற காவிரிக்கரை அக்ரகாரங்களில் தர்க்கமும் மீமாம்சையும் பயின்றோர்க்கு இவ்வாதம் பாடத்தின் பகுதி. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் சுவடிகளிலும் இவ்விரு சாத்திரங்களும் பெருமளவில் உள்ளன.

இரு கட்சியாரும் ஏற்ற அளவுகோல் ஒன்று உண்டு: இருந்தால் நிகழ வேண்டும், இல்லாவிட்டால் நிகழக் கூடாது. அன்வயம், வியதிரேகம் என்று அதை வழங்குவர். மோதிரக் கல்லின் கிரகப் பலனுக்கு இந்த அளவுகோலைப் பொருத்திக் காட்டுவது கடினம். ஒருவர் கருப்பு ஓனிக்ஸ் அணிந்த பின் வேலை கிடைத்தால், அந்த வேலைக்குப் படிப்பு, முயற்சி, தேவை எனப் பல காரணங்கள் ஏற்கெனவே உள்ளன. கல் இல்லாமலே வேலை பெற்றவர்களும் கல்லோடு காத்திருப்பவர்களும் கண்ணெதிரே இருக்கிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் காரண காரியமாக ஏற்காதே என்பது தர்க்கத்தின் முதல் எச்சரிக்கை. மணியின் ஆற்றலை மறுக்காத தர்க்கமும், இந்தக் கல்லுக்கு இந்தப் பலன் என்பதற்கு இப்படிச் சான்று கேட்டுத்தான் தீரும்.

மாற்றுப் பொருள் விதி

ஓனிக்ஸ் மாற்றாக வருவதால், மாற்றுப் பொருள் எப்போது செல்லும் என்பதே இதற்குரிய உண்மையான சாத்திரக் கேள்வி. அதை மிக நுணுக்கமாக ஆராய்ந்தது மீமாம்சை. ஜைமினியின் சூத்திரங்களில் ஆறாம் அத்தியாயம் மூன்றாம் பாதம் இதற்கென்றே அமைந்தது. வேள்விக்கு விதித்த நெல் கிடைக்காதபோது காட்டு நெல்லாகிய நீவாரத்தைக் கொள்ளலாம். நெல்லின் கூறுகளை ஒத்த கூறுகள் நீவாரத்தில் இருப்பதே அதற்கு நியாயம். ஆனால் எந்தத் தெய்வம் விதிக்கப்பட்டதோ அத்தெய்வத்துக்கும், மந்திரத்துக்கும், வேள்வித் தீக்கும், விதித்த செயலுக்கும் மாற்று இல்லை. பலனுக்கு உரியவனாகிய எஜமானனுக்குப் பதில் வேறொருவனை வைக்கவும் இயலாது. பொருள் மாறலாம், செயலுக்கு உயிரானவை மாறக் கூடாது என்பது இதன் சாரம்.

இன்னொரு வரம்பும் உண்டு. நாள்தோறும் கடமையாகச் செய்யும் நித்திய கருமத்தை இயன்ற அளவில், குறையோடும் செய்யலாம். ஒரு பலனை வேண்டிச் செய்யும் காமிய கருமத்தையோ எல்லா உறுப்பும் நிறைய இருந்தால்தான் தொடங்கலாம். இந்த விதியை ஓனிக்ஸுக்குப் பொருத்தினால் விடை வியப்பாக வரும். கிரகப் பலன் வேண்டி மணி அணிவது காமியம். காமியத்தைத் தொடங்கும்போதே மாற்றுப் பொருளோடு தொடங்குவதை மீமாம்சை ஏற்காது. மேலும் மரகதம் பெரில் இனக் கல், பச்சை ஓனிக்ஸ் சிலிக்கா. ஒத்த கூறு என்று சொல்ல நிறம் ஒன்றே உள்ளது, அதுவும் பெரும்பாலும் ஏற்றிய சாயம். உபரத்தினம் சாத்திரத்தின் கண்டிப்பான வாசலில் நுழையாது.

நித்திய வழிபாட்டிலோ மாற்று இயல்பாக வாழ்கிறது. வீட்டுப் பூசையில் ஆபரணம் சாத்த வேண்டிய இடத்தில் ஆபரணம் இல்லையென்றால், ‘ஆபரணத்தின் பொருட்டு’ என்று சொல்லி அட்சதை போடுவது வழக்கம். மஞ்சள் தடவிய முனைமுறியாத அரிசி பொன்னும் மணியுமாகிறது. திருவாவடுதுறையோடு மரபு இணைத்துச் சொல்லும் திருமூலரின் திருமந்திரத்தில், லிங்கம் அமைக்கத்தக்க பொருள்களின் பட்டியலில் முத்து, மாணிக்கம், பவளத்தோடு அன்னம், அரிசி, பூ, மணலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. நெல் விளையும் நாட்டில் இதற்கு ஓர் அறப்பொருளும் உண்டு. மணி சிலருக்கே கிட்டும். அரிசி பெரும்பாலோர் வீட்டில் இருக்கும். மணிக்குக் கிட்டும் அருள் அரிசிக்குக் கிட்டாது என்றால் வழிபாடு செல்வர்க்கு மட்டும் உரியதாகிவிடும். மாற்றை அனுமதித்ததன்மூலம், அருள் மணியிலிருந்து வருவதன்று என்பதை இவ்வழிபாடு வாய்விட்டுச் சொல்லாமலே நிறுவிவிட்டது.

சைவ சித்தாந்தத்தின் விடை

திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்கள் வளர்த்த சைவ சித்தாந்தம் இதே முடிவை நேரடியாகச் சொல்கிறது. மாயையிலிருந்து தோன்றிய எல்லாப் பொருளும் சடம்; தன்னையும் அறியாது, பிறரையும் அறியாது. விரலில் இருக்கும் ஓனிக்ஸுக்கு, தன்னை அணிந்தவர் யார், அவர் சாதகத்தில் சனி எங்கே நிற்கிறார் என்பதை அறியும் வழியில்லை. சித்தாந்தம் இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வினையே சடம்; அது தானாகச் சென்று செய்தவனைச் சேராது. வினைப்பயனைச் செய்தவனிடம் கூட்டுவிக்க அறிவுடைய முதல்வன் வேண்டும். கிரகங்கள் அவன் ஆணையில் நிற்கும் கருவிகள். வினைக்கே தன்னிச்சை இல்லாதபோது, வினைப்பயனைத் தடுக்கும் தன்னிச்சை கல்லுக்கு எங்கிருந்து வரும்?

இக்கொள்கைக்குப் பக்தி மரபில் உள்ள பெருஞ்சான்று இப்படுகையின் தென்கிழக்கு முனையான திருமறைக்காட்டில், இன்றைய வேதாரண்யத்தில் நிகழ்ந்தது. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியின் அழைப்பை ஏற்றுத் திருஞானசம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபோது, நாளும் கோளும் நன்றாக இல்லை என்று திருநாவுக்கரசர் தடுத்தார். சம்பந்தர் அப்போது பாடியது கோளறு பதிகம் என்று மரபு சொல்கிறது. கோள்களை அவர் மறுக்கவில்லை; இறைவன் உள்ளத்தில் இருப்பதால் அவை அடியார்க்கு நல்லவையே ஆகும் என்றார். 7ஆம் நூற்றாண்டின் அந்தப் பதிகத்தில் கோளுக்கு மாற்று பக்தி. மணியோ மோதிரமோ அதில் பரிகாரமாக வரவில்லை.

கிரகத் தலங்களின் அமைப்பும் இதையே காட்டுகிறது. முதற்குலோத்துங்கன் காலத்துச் சூரியனார்கோவிலில் சூரியனே மூலவர். மற்றவை பெரும்பாலும் சிவாலயங்கள்: திருநள்ளாற்றின் மூலவர் தர்ப்பாரண்யேசுவரர், திருவெண்காட்டின் மூலவர் சுவேதாரண்யேசுவரர். கிரகத்துக்கு அங்கே தனிச்சன்னதி உண்டு, கருவறை சிவனுடையது. சனியை நாடி வருபவரும் இறைவன் வீட்டு வாசலில்தான் சனியைக் காண்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கல் சடம் என்றால் லிங்கமும் கல்தானே? மரகத லிங்கத்துக்கு ஒரு நீதி, மரகத மோதிரத்துக்கு ஒரு நீதியா? சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் ஆலயத்தை அரன் எனவே வழிபடச் சொல்கிறது. எங்கும் நிறைந்த இறைவன், வழிபடும் அன்பர்பொருட்டுத் திருமேனியில் விளங்கி நிற்கிறான் என்பது உரை மரபு. அங்கும் அருள்வது கல்லில் விளங்கும் இறைவனே. பிரதிட்டை வேண்டாத சாளக்கிராமத்தை வைணவர் போற்றுவதும் அதில் திருமாலின் இருப்பைக் கொண்டே. சோதிடர் மோதிரத்தை மந்திரம் சொல்லிக் கொடுக்கும்போதும் இந்த நியாயமே உள்ளே புகுகிறது: மந்திரம் வேண்டியிருக்கிறது என்றால் கல் தனியே போதவில்லை என்று பொருள்.

சித்தாந்த நூல்கள் கல்லை மற்றொரு வகையிலும் பயன்படுத்தின: உவமையாக. அருகில் உள்ள பொருளின் நிறத்தையெல்லாம் தன் நிறம்போலக் காட்டும் படிகத்தைக் கொண்டு, உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் தன்மையை விளக்கினர். அருகில் வைத்த மலரை நகர்த்தினால் படிகம் வெளுத்துவிடும். அதே சிலிக்காவான ஓனிக்ஸோ நுண்துளை வழியே நிறத்தை உள்வாங்கிக்கொள்ளும். பிறகு கழுவினாலும் போகாது. சார்பு நெடுநாள் நீடித்தால் இயல்புபோலவே ஆகிவிடும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான கல் கிடைப்பது அரிது. 18ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் வகுத்த திருவாவடுதுறைச் சிவஞான முனிவரின் மரபில் கல் இப்படி அறிவுக்குத் துணையானது. விதியை மாற்றும் கருவியாக அது கொள்ளப்படவில்லை.

அணிவோர்க்கு எஞ்சுவது

இந்தச் சிந்தனைகளைத் தொகுத்தால், ஓனிக்ஸ் அணிவதைத் தடுக்கும் காரணம் எதுவும் கிடைக்காது. அதற்குரிய இடம் தெளிவாகும். அழகிய, உறுதியான, எளிய விலையில் கிடைக்கும் கல் என்ற வகையில் அது நல்ல அணிகலன். ஏபோத்துக் கற்களைப்போலப் பெயரையோ விரதத்தையோ உறவையோ நினைவில் நிறுத்தும் அடையாளமாகலாம். மாலையாகக் கோத்தால் செபத்தை எண்ணும் கருவியாகலாம். நபிவழி என்று அணிபவருக்கு அது பின்பற்றுதலின் குறி. கிரக வழிபாட்டில் எள்ளும் பயறும் நிற்கும் வரிசையில் அதுவும் ஒரு நிறக்குறியாக நிற்கலாம். அவற்றைவிட உயர்ந்த இடத்தைக் கோர அதற்குச் சாத்திர ஆதாரம் இல்லை.

விற்பவருக்கு உள்ள கடமை, சாயமேற்றிய கல்லைச் சாயமேற்றியது என்றும், சால்சிடனியைச் சால்சிடனி என்றும் சொல்லி விற்பது. இராசராசனின் கணக்கர்கள் இறைவனுக்குரிய வயிரத்தின் கரும்புள்ளியைக்கூட மறைக்காமல் எழுதியது அந்தக் கடமைக்கு முன்மாதிரி. வாங்குபவருக்கு உள்ள கடமை, மருத்துவம் செய்ய வேண்டிய இடத்திலும் உழைக்க வேண்டிய இடத்திலும் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்திலும் கல்லை நிறுத்தாமல் இருப்பது. பொருளுக்கு மாற்று உண்டு, எஜமானனுக்கு மாற்று இல்லை என்ற மீமாம்சை விதி வேள்விச்சாலைக்கு வெளியிலும் செல்லும்.